நான்கு விரற்கடை

போனஸ் வந்த வாரம் வாங்கினேன்,
கண்ணாடியிழைத் துடுப்புகள், ஒரு ஜோடி.
நிறுத்தி வைத்தால் தொடை வரை வரும்.
குவீன்ஸ்டவுன் ரயிலில் ஒரு பையன்
இது எந்த மீனுடையது என்று கேட்டான்.
அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டாள்.

வியாழன் இரவு எட்டரை.
நீச்சல் வகுப்புப் பிள்ளைகள் போன பிறகு
ஆழக்குளம் எங்களுக்கு.
அறுவருக்கு அறுவர், கையில் சாண் நீளக் கோல்,
நடுத்தரையில் ஒன்றேகால் கிலோ ஈயம்,
தோல் மட்டும் ஆரஞ்சு.
பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிவது
கொஞ்சம் முதுகு, கொஞ்சம் மூச்சுக்குழல், நிறைய நுரை.
ஆட்டம் இரண்டு மீட்டர் கீழே.

மணி அடித்ததும் சுவரை உதைத்தேன்.
நீண்ட தகடு முதல் உதைக்குச் சோம்பும்;
கெண்டைக்காலிடம் கடன் கேட்கும்.
நான்காவதில்தான் விழித்துக்கொள்ளும்.
அப்புறம் நான் நீந்தவில்லை,
குளம்தான் பின்னால் போயிற்று.
ஈயத்தைத் தொட்டபோது பக்கத்தில் யாருமில்லை.

யாருமில்லை என்பதுதான் சிக்கல்.
என் ஆட்களும் இல்லை.

பெய் யீ வந்தாள்.
முப்பது வெள்ளி ரப்பர்த் துடுப்பு, குட்டை,
குதிகால் பட்டை அறுந்து
சைக்கிள் டியூபால் கட்டியது.
என் கோலைத் தட்டவேயில்லை.
நான் திரும்பட்டும் என்று இருந்தாள்.
நானும் திரும்பினேன்,
இழுவைப் படகில்லாத சரக்குக் கப்பல்போல:
தகடு தரையில் இடித்து, ஓட்டில் உரசி,
நஸ்ரியின் காதில் அறைந்து.
பாதி வட்டம் முடியுமுன்
அவள் தன் உடம்பாலே
ஒரு பிள்ளையார் சுழி போட்டு
ஈயத்தோடு போய்விட்டாள்.
மிச்ச மூச்சோடு மேலே வந்தேன்.
இப்படி ஒன்பது முறை.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
நடுக்குளத்தில் கிடக்கிற ஈயம்
பந்தியா, படையா?

"பின்வரிசைக்குப் போயேன்," என்றான் நஸ்ரி,
காதைத் தேய்த்துக்கொண்டே.
"நேரா துரத்து, நேரா வா. அவ்ளோதான் லா."
சரியான யோசனை. எனக்குத்தான் மனமில்லை.

ஞாயிறு காலை, பதினொன்றாம் மாடி நடைவழி.
காகித டேப் ஒட்டி, கையை வைத்து அளந்தேன்:
நுனியிலிருந்து நான்கு விரற்கடை.
ரம்பச் சத்தத்துக்கு மிஸ்டர் கோ
துணிக்கழியோடு வெளியே வந்தார்.
என்ன விலை என்றார். சொன்னேன்.
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
வெட்டின விளிம்புக்கு ரப்பர் ஒட்டினேன்,
இல்லாவிட்டால் நடுவர் விடமாட்டார்.
இரண்டு நாள் கை அரித்தது.
துண்டுகள் இப்போது
துணி துவைக்கும் இயந்திரத்தின்
ஆடுகிற காலுக்கு அடியில்.

அடுத்த வியாழன்
முதல் உதைக்கே தண்ணீர் பதில் சொன்னது.
ஆனாலும் பிந்திவிட்டேன்.
முந்தினவன் எதிரணிப் புதுப்பையன் யுகேந்திரன்,
காலில் கார்பன் தகடு, முகத்தில் என் போன வார அவசரம்.
திரும்பட்டும் என்று இருந்தேன்.
இடது என்றது அவன் தோள்.
என் சுழி கோணல்தான், பரவாயில்லை,
ஈயம் என் கோலில்.

எதிரே பதினோரு மீட்டர் திறந்த தண்ணீர்.
அறுத்துப் போட்ட அந்த நான்கு விரற்கடை
இப்போது வேண்டியிருந்தது.
உதைத்தேன். பின்னால் அவன் உதைத்தான்.
ஒன்று. இரண்டு.
அவன் தகடு எப்போது விழிக்கும் என்று எனக்குத் தெரியாதா?
மூன்றில் வலப்பக்கம் தள்ளிவிட்டேன், பார்க்காமல்.
அங்கே நஸ்ரி இருந்தான்.

அதற்குள் மின்னல் எச்சரிக்கைச் சங்கு.
எல்லோரும் மேலே, எல்லோரும் வெளியே.
இரும்புத் தொட்டியில் ஈயம் விழுந்தது முன்னா, சங்கு முன்னா?
கூரைக்கடியில் பன்னிரண்டு பேர், மூன்று மொழி, ஒரே சண்டை.

பெய் யீ மட்டும் அதில் சேரவில்லை.
என் துடுப்பை எடுத்து
முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தாள்.
"இன்னும் ஒரு விரல்," என்றாள்.

எதிரணிக்காரி.
மழை பிடித்துக்கொண்டது.
சுண்டுவிரலா கட்டைவிரலா என்று
கேட்காமல் விட்டுவிட்டேன்.